உம்மம்மாவின் இடியப்ப உரல்

உம்மம்மாவின் மர இடியப்ப உரலை ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டேன். காலையில் அது ஊதிப்போய் இருந்தது. அவசரமாகக் கடும் வெயிலில் காயவைத்தேன், வெடித்துவிட்டது.

நீரை உறிஞ்சும்போது மரம் விரிகிறது. சடுதியாக உலர்ந்தால், உள்ளே ஈரமிருக்க வெளிப்புறம் முதலில் சுருங்கி வெடிக்கிறது.

ஆகவே, மரப் பாத்திரங்களைப் பாவித்தவுடனே இளஞ்சூட்டு நீரில் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். கறிமணம் போக உப்பும் தேசிக்காயும் தேய்த்து அலசுங்கள்.

வெடிப்பில் மா தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அந்த உரலை இனிப் பாவிக்க முடியாது. உம்மம்மா ஏசவில்லை. தன் மர அகப்பையை என் கையில் தந்து, "இதையாவது கவனமா வச்சிக்கோங்க மகள்" என்றார்.