சாட்சியச் சட்டத்தில் மத்திய விதியும் மாநில விதியும்: தங்கவயலின் பழைய ஆவணங்கள் காட்டும் பாடம்

மாரிகுப்பம் (கர்நாடகா): கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தின் குடியிருப்பு, பணிக்காலம் அல்லது வாரிசுரிமை குறித்து வழக்கு எழுந்தால், முதலில் தேடப்படுவது பழைய காகிதங்களே. அவற்றில் கையொப்பமிட்டவர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை. அத்தகைய ஆவணத்தை நீதிமன்றம் எவ்வாறு ஏற்கும் என்ற கேள்வி, சாட்சியச் சட்டத்தில் மத்திய, மாநில விதிகள் எங்கே வேறுபடுகின்றன என்பதைச் சட்ட மாணவர்களுக்குத் தெளிவாக விளக்குகிறது.

ஒரே சட்டம், இரு அதிகாரங்கள்

அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு 1975 முதல் தனிச் சாட்சிய விதிகள் உள்ளன. மாநிலங்கள் தத்தமக்கெனத் தனி விதிகளைக் கொண்டுள்ளன. இந்தியாவில் மத்திய, மாநிலச் சட்டங்களின் கீழ் எழும் வழக்குகளை ஒரே நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. சாட்சியச் சட்டமும் ஒன்றே. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்நாளில் நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

எனினும், சாட்சியம் என்பது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே மாநிலங்களும் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம், 254ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால் அம்மாநிலத்தில் செல்லுபடியாகும்.

முப்பது ஆண்டா, இருபது ஆண்டா?

முப்பது ஆண்டு பழைமையான ஆவணம் உரிய பொறுப்பிலிருந்து தாக்கல் செய்யப்பட்டால், அதிலுள்ள கையொப்பமும் கையெழுத்தும் உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சட்டத்தின் 90ஆவது பிரிவும் புதிய சட்டத்தின் 92ஆவது பிரிவும் இதையே கூறுகின்றன. ஆனால் உத்தரப் பிரதேசம் 1954இல் பழைய சட்டத்தைத் திருத்தி, இந்த வரம்பை இருபது ஆண்டுகளாகக் குறைத்தது. அமெரிக்காவிலும் இதே வேறுபாடு உண்டு: கூட்டாட்சி விதி இருபது ஆண்டுகள் என்கிறது, கலிபோர்னியா மாநிலம் முப்பது ஆண்டுகள் என்கிறது.

தங்கவயலில் இந்தப் பத்து ஆண்டுகள் சிறிய இடைவெளி அல்ல. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அப்போது வழங்கப்பட்ட காகிதங்கள் 2031இல்தான் முப்பது ஆண்டுகளை எட்டும். இருபது ஆண்டு வரம்பு இருந்திருந்தால் 2021இலேயே இந்தச் சலுகை கிடைத்திருக்கும். அதுவரை, ஆவணத்தைத் தாக்கல் செய்பவரே கையொப்பத்தை மெய்ப்பிக்க வேண்டும்.

"உரிய பொறுப்பு" என்பதும் இங்கு முக்கியமானது. சுரங்கங்கள் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்திலிருந்து 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும் மாறின. ஆகவே ஓர் ஆவணம் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதை விளக்க வேண்டியிருக்கும். மேலும், அனுமானம் கையொப்பத்துக்கு மட்டுமே. உள்ளடக்கம் உண்மை என்பதற்கு அல்ல.

வாக்குமூலத்திலும் வேறுபாடு

காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்பது பொது விதி. இது புதிய சட்டத்தின் 23ஆவது பிரிவு. ஆனால் கர்நாடகத்தின் 2000ஆம் ஆண்டு அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலத்தை, அச்சட்டத்தின் கீழான வழக்குகளில் நிபந்தனைகளுடன் ஏற்கிறது.

ஆகவே, ஒரு சாட்சியம் ஏற்கத்தக்கதா என்று ஆராயும் மாணவர் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்: வழக்கு எந்த நாளில் நிலுவையில் இருந்தது? மத்தியச் சட்டம் என்ன கூறுகிறது? அம்மாநிலத்தில் திருத்தமோ தனிச் சட்டமோ உண்டா? பழைய காகிதங்களை வைத்திருக்கும் குடும்பங்களோ மூலப் பிரதியைப் பாதுகாப்பதுடன், அது யாருடைய பொறுப்பில் இருந்து வந்தது என்பதையும் குறித்து வைப்பது பயன் தரும்.