தாய்லாந்துச் சந்தையும் சாப்பாடும்

தாய்லாந்து மொழியில் சந்தைக்குப் பெயர் ‘தலாத்’. காய்கறி, மீன், இறைச்சி விற்கும் அன்றாடச் சந்தை ‘தலாத் சொத்’, விடியற்காலையிலேயே களைகட்டிவிடும். கால்வாயில் படகுகள் கூடும் நீர்ச்சந்தை ‘தலாத் நாம்’.

சாலைகள் வருவதற்கு முன்பு நடுத் தாய்லாந்தின் போக்குவரத்து பெரும்பாலும் ஆற்றிலும் கால்வாயிலும்தான் நடந்தது. வீடுகள் தண்ணீரைப் பார்த்தே நின்றன. சந்தையும் தண்ணீரில் கூடியது. ராட்சபுரி மாகாணத்தின் தம்னோன் சதுவாக் கால்வாய் மன்னர் மோங்குத் காலத்தில், 1860-களில் வெட்டப்பட்டது. அது இணைத்த தா சின், மே குளோங் ஆறுகளுக்கு இடையில் தோட்டங்கள் பெருகின. விளைந்ததைப் பெண்கள் படகில் ஏற்றி வந்து விற்றார்கள். இன்று அங்கே வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். உள்ளூர்க்காரர்கள் கூடும் நீர்ச்சந்தையைப் பார்க்க அம்பவாவுக்குப் போகலாம். வெள்ளி முதல் ஞாயிறு வரை பிற்பகலில் தொடங்கி இரவு வரை நடக்கிறது.

அம்பவாவுக்குப் பக்கத்திலேயே மே குளோங் ரயில் சந்தை. உள்ளூர்ப் பெயர் ‘தலாத் ரொம் ஹுப்’, அதாவது குடை மடக்கும் சந்தை. ரயிலின் ஊதல் கேட்டதும் வெயில்மறைப்புகள் மடங்குகின்றன. சக்கரம் வைத்த தட்டுகள் பின்னே நகர்கின்றன. தரையோடு தாழ்வாக இருக்கும் காய்கறித் தட்டுகளை மட்டும் யாரும் தொடுவதில்லை. ரயில் அவற்றின் மேலேயே ஊர்ந்து போகிறது. கடைசிப் பெட்டி கடந்த சில நிமிடங்களில் வியாபாரம் மறுபடி தொடங்கிவிடும்.

பாங்காக்கில் சனி, ஞாயிறு கூடும் சதுசக் மிகப் பெரியது. எதிரிலுள்ள ‘ஓர் தோர் கோர்’ சந்தை, தரமான பழங்களுக்குப் பேர்போனது. ஆற்றோரத்துப் பாக் குளோங் தலாத் பூச்சந்தை. மல்லிகையும் செவ்வந்தியும் இரவில்தான் வந்து குவியும்.

சந்தைச் சாப்பாட்டில் முதலில் பார்க்கவேண்டியது ‘சோம் தம்’. மண் உரலில் பூண்டும் மிளகாயும் முதலில் நசுங்கும். பிறகு பனைவெல்லம், எலுமிச்சைச் சாறு, மீன் சாறு. கடைசியில் சீவிய பப்பாளிக்காய். ஒரு கை மர உலக்கையால் இடிக்க, மறு கை கரண்டியால் புரட்டும். எத்தனை மிளகாய் வேண்டும் என்பதை இடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். காரமே வேண்டாம் என்றால் ‘மாய் பெத்’.

ஒரு காலத்தில் படகிலிருந்து விற்ற ‘குவைத்தியாவ் ருவா’ நூடுல்ஸ், இன்றும் சின்னக் கிண்ணத்தில்தான் வருகிறது. ஒருவரே நாலைந்து கிண்ணம் காலி செய்வது சாதாரணம். குழம்பைக் கெட்டியாக்க மாட்டு ரத்தமோ பன்றி ரத்தமோ சேர்ப்பதுண்டு. மேசையில் மீன் சாறு, மிளகாய் ஊறிய காடி, சர்க்கரை, மிளகாய்த்தூள் நான்கும் இருக்கும். அவரவர் ருசிக்குக் கலந்துகொள்வதே அங்கே வழக்கம். சமைத்தவர் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். சாப்பிடும் குச்சிகள் நூடுல்ஸுக்கு மட்டும், சோற்றுக்குக் கரண்டிதான்.

சைவர்கள் கவனமாக இருக்கவேண்டும். காய்கறிப் பதார்த்தத்திலும் மீன் சாறோ இறால் விழுதோ கலந்திருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பாக ‘ஜே’ என்று தாய் எழுத்தில் எழுதிய கடைகளில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேராது. பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது.