பொருளாதார மந்தநிலையும் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிலாளர்களும்

ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் அது பொருளாதார மந்தநிலை எனப்படும். உற்பத்தி வளர்ந்தாலும் வளரும் வேகம் தளர்ந்தால் அது வளர்ச்சித் தளர்வு. இந்தியா 2008-09இலும் 2019இலும் கண்டது தளர்வு. 2020இல் கண்டது மந்தநிலை. ஆலைத் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. இரண்டிலும் முதலில் குறைவது வேலை நாள்களே. யாருடைய வேலை முதலில் போகிறது, யாருக்கு நிவாரணம் வந்து சேர்கிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்பதுதான்.

தொழிற்பகுதி

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையையும் புறநகர் ரயில் பாதையையும் ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் அமைந்துள்ளது. இரும்பு உருட்டாலைகள், வார்ப்பாலைகள், வேதிப்பொருள் ஆலைகள், உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஆகியவை இங்கு உள்ளன. சுற்றுக் கிராமத்தினரும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலத்தவரும் இவற்றில் வேலை செய்கின்றனர். ஒரே ஆலைக்குள் நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என மூன்று வகையினர் இருப்பது வழக்கம். பொருள்களைக் கட்டுதல், தரம் பார்த்தல், கேன்டீன், துப்புரவு ஆகிய பணிகளில் உள்ள பெண்களில் பலர் ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்கள்.

மந்தம் ஆலைக்குள் வரும் வழி

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானதும் உலகெங்கும் கடனும் வாணிபமும் சுருங்கின. அந்த ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் வேலையிழந்ததாக மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மதிப்பிட்டது. அரசு உற்பத்தி வரியை 4 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைத்தது.

2019இல் வாகன விற்பனை சரிந்தது. அசோக் லேலண்ட் நிறுவனம் தன் எண்ணூர் ஆலைக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் 16 நாள்களை வேலையற்ற நாள்களாக அறிவித்தது. ஒரு பெரிய வாகன ஆலை நின்றால் அதற்கு அச்சு, வார்ப்பு, போல்ட் செய்து தரும் சிறு ஆலைகளும் நிற்கும். பெரிய ஆலையில் அது அறிவிப்பாக வரும். சிறு ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ “நாளைக்கு வர வேண்டாம்” என்ற ஒரு சொல்லாக வரும்.

சட்டம் யாரைக் காத்தது?

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, வேலை தர முடியாத நாள்களுக்கு அடிப்படை ஊதியம், பஞ்சப்படி ஆகியவற்றில் பாதியை இழப்பீடாகத் தர வேண்டியிருந்தது. ஆனால் ஆலையில் குறைந்தது 50 தொழிலாளர் இருக்க வேண்டியிருந்தது. தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டியிருந்தது. அவர் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. தற்காலிகத் தொழிலாளருக்கும் பதிலி ஆட்களுக்கும் இது கிடைக்கவில்லை. ஆட்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் தர வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைக்காமல் விட்டுவிட்டால், அது ஆட்குறைப்பு என்று நிரூபிப்பதே கடினம்.

பெண்கள் மீதான தாக்கம்

தொழிற்சாலை ஆண்டுக் கணக்கெடுப்பின்படி (2019-20) இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் உள்ளனர். எனவே ஆலைகளின் நெருக்கடி இங்கு பெண்களின் நெருக்கடியும் ஆகும்.

அது இரண்டு விதமாக வருகிறது. முதலாவது, வேலையிழப்பு. இரண்டாவது, வீட்டுக்குள் கூடும் சுமை. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர். வருமானம் குறைந்தால், விலைக்கு வாங்கியதை வீட்டிலேயே செய்வதும், குழுக் கடன் தவணைக்கு வழி தேடுவதும் பெரும்பாலும் பெண்ணின் பொறுப்பாகின்றன.

கொள்கைகளின் விளைவு

மந்தநிலை இல்லாமலே வேலை போவதும் உண்டு. அண்டைப் பகுதியான ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை 2006 முதல் இயங்கியது. வருமான வரித் தகராறில் அதன் சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் சென்றுவிட்டனர். அவர்களில் கணிசமானோர் இளம்பெண்கள்.

2019 செப்டம்பரில் மத்திய அரசு நிறுவன வரியை 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. லாபம் ஈட்டும் நிறுவனத்துக்கு இது உதவும். வாங்குவோர் கையில் நேரடியாகப் பணம் சேர்க்காது.

2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில், முதலில் வெளியான கணக்கின்படி, நாட்டின் உற்பத்தி 23.9 விழுக்காடு சுருங்கியது. அப்போதைய நிவாரணங்கள் பதிவுகளின் வழியே சென்றன:

- ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதங்கள் தலா ரூ.500.
- தமிழ்நாட்டில் அரிசி குடும்ப அட்டைக்கு ரூ.1,000. இங்கு அட்டை இல்லாத வெளிமாநிலத்தவருக்கு இது கிடைக்கவில்லை.
- வேலையிழந்த இ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்கு 90 நாள்கள் வரை சராசரி ஊதியத்தில் பாதி. இதற்கு இரண்டு ஆண்டுகள் காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருக்க வேண்டும். பேறுகாலத்துக்காகவோ குழந்தைக்காகவோ வேலையை விட்டுவிட்டு மீண்டும் சேர்ந்த பெண் இந்த நிபந்தனையில் எளிதில் விடுபட்டுப் போவார்.

புதிய சட்டத் தொகுப்புகள்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்தது. இதனால் நடுத்தர ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளருக்கும் பாதுகாப்பு தளர்ந்துள்ளது. மறுபுறம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தருவது கட்டாயமாகியுள்ளது.

இந்தக் கடிதம் ஒப்பந்தப் பெண் தொழிலாளர் கைக்கு உண்மையில் வந்து சேர்ந்தால், அடுத்த மந்தநிலையில் அவர் இழப்பீடு கேட்க ஓர் ஆதாரம் இருக்கும். நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு, பி.எஃப். கணக்கு எண், இ.எஸ்.ஐ. எண் ஆகிய நான்கையும் தொழிலாளர் தம்மிடமே பத்திரமாக வைத்திருப்பது இதனால் முக்கியமாகிறது.