15 வருடம் ஒரே ஊரில் தங்கிய பட்டம்! சுவரில் மோதி மாண்டார் கார் பந்தய சூரர்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்று ஒரு ஊர். போப்பாண்டவர் இருக்கிற ரோம் இல்லை, இது வேறே. சின்ன ஊர்தான். ஆனால் 1971 முதல் 1985 வரை, தொடர்ந்து 15 வருடம், நாஸ்கார் அமைப்பின் "மாடிஃபைடு" கார் பந்தயப் பட்டம் இந்த ஊரைத் தாண்டி வெளியே போகவே இல்லை!

பட்டத்தைத் தூக்கியவர்கள் இரண்டே பேர். ஜெர்ரி குக் 6 தடவை. ரிச்சி எவன்ஸ் 9 தடவை. இருவரும் உள்ளூர்க்காரர்கள், பரம எதிரிகள். பந்தயத்தில்தான்!

இதில் எவன்ஸ், ஒன்பதாவது பட்டம் உறுதியான பிறகு, வெறும் பயிற்சி ஓட்டத்தில் உயிரை விட்டார்.

செக்கு மாடு மாதிரி

"ஸ்டாக் கார்" என்றால் முதலில் கடையில் விற்கிற சாதாரண கார்தான். அதைப் பிரித்து, மாற்றி, பந்தயத்துக்கென்றே ஆக்கினால் அது மாடிஃபைடு. 1948-ல் நாஸ்கார் பிறந்தபோது முதலில் நடத்தியது இந்தப் பந்தயத்தைத்தான். இப்போதைய மாடிஃபைடு காருக்கு மட்கார்டு கிடையாது. நாலு சக்கரமும் வெளியே தெரியும். தரையோடு தரையாகத் தவழும்.

ஓடுகிற இடமும் விசேஷமானது. முட்டை வடிவத்தில் தார் போட்ட குட்டிப் பாதை. லாங் தீவில் உள்ள ரிவர்ஹெட் பாதையில் ஒரு சுற்று சுமார் 400 மீட்டர்தான். நம்ம ஊர் விளையாட்டு மைதானத்தில் பையன்கள் ஓடுகிற தூரம்! கனெக்டிகட் மாநிலத்தின் தாம்ப்சன் பாதை பெரிசு. பெரிசு என்றால் 1 கிலோமீட்டர். செக்கு மாடு மாதிரி ஒரே பக்கமாக, இடது பக்கமாகவே, சுற்றிச் சுற்றி வரவேண்டும். சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்பாதையில் வேகம் எடுத்தவுடனே வளைவு வந்துவிடும். பக்கத்திலே இன்னொரு கார், முன்னாலே ஒன்று, பின்னாலே ஒன்று. அந்தப் பக்கம் சுவர்!

பண்ணையை விட்ட பையன்

எவன்ஸ் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 16 வயதில் பண்ணையை விட்டு வந்து, ரோம் ஊரில் கார் பழுது பார்க்கும் கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். 1962-ல் 1954-ம் வருட ஃபோர்டு காரோடு பந்தயத்தில் இறங்கினார். அந்தக் காருக்கு அவர் வைத்த எண் "பி.டி. 109". இரண்டாம் உலகப்போரில் ஜான் கென்னடி தலைமை தாங்கிய படகின் எண் அது.

1965-ல் மாடிஃபைடுக்கு மாறினார். 1973-ல் முதல் பட்டம். அடுத்த நாலு வருடம் குக் விடவில்லை. 1978-ல் எவன்ஸ் திரும்பப் பிடித்தார். அதன்பிறகு வருடா வருடம் அவரேதான், தொடர்ந்து 8 தடவை! ஆரஞ்சு நிறக் கார், எண் 61. மற்றவர்களுக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கியிருக்கும்.

1979-ம் வருடக் கணக்கு ஒன்றே போதும். 60 பந்தயம், 37 வெற்றி. முதல் 5 இடத்துக்குள் வந்தது 54 தடவை. சறுக்கியது ஆறே ஆறு தடவை. அடேயப்பா!

எதிரி கையில் பொறுப்பு

அந்தக் காலத்தில் பட்டத்துக்குக் குறிப்பிட்ட அட்டவணை கிடையாது. பல பாதைகளில் ஓடிப் புள்ளி சேர்க்கவேண்டும். அதனால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராக ஓட்டம். இந்த அலைச்சலுக்கு 1985-ல் முடிவு வந்தது. இத்தனை பந்தயம், இன்னின்ன ஊரில் என்று வகுத்து ஒரே தொடராக்கினார்கள். அதை நடத்தும் பொறுப்பு யாருக்கு? 1982-ல் ஓய்வு பெற்ற அதே ஜெர்ரி குக்குக்கு! எதிரி நடத்திய தொடரில் முதல் பட்டமும் எவன்ஸுக்கே.

மூன்றாவது வளைவு

சீசனின் கடைசிப் பந்தயம் வர்ஜீனியா மாநிலத்தின் மார்டின்ஸ்வில் ஊரில். பேப்பர் கிளிப் மாதிரி நீண்டு ஒடுங்கிய பாதை. ஒரு சுற்று சுமார் 850 மீட்டர். பட்டம் ஏற்கனவே கைக்கு வந்தாச்சு. எவன்ஸ் போகாமலே இருந்திருந்தாலும் யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் பந்தயம் என்றால் வீட்டில் உட்காருகிற ஆளா அவர்?

1985 அக்டோபர் 24. பயிற்சி ஓட்டம். மூன்றாவது வளைவில் கார் சுவரில் மோதியது. 44 வயதில் எவன்ஸ் போய்விட்டார். 61 என்ற எண்ணை மாடிஃபைடு தொடரில் இனி யாருக்கும் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

விறைத்த சட்டம்

சாவு அதோடு நிற்கவில்லை. 1987-ல் அதே மார்டின்ஸ்வில்லில் சார்லி ஜார்ஜோம்பெக் என்ற வீரர் பலியானார். அதே வருடம் தாம்ப்சனில் கார்க்கி குக்மேன். 1990-க்குள் இன்னும் சிலர்.

ஏன் இப்படி என்ற பேச்சு கிளம்பியது. பலர் கைகாட்டியது காரின் அடிச்சட்டத்தை. முன்பக்கம் நேராக, விறைப்பாக இருந்தது. வளைவில் வேகமாகப் போக அது உதவும். ஆனால் சுவரில் இடித்தால் நசுங்காது. கார் நசுங்கினால் இடியின் வேகம் அதிலேயே கொஞ்சம் தீர்ந்துபோகும். நசுங்காவிட்டால் அத்தனையும் உள்ளே இருக்கிற ஆளின் தலைக்கும் கழுத்துக்கும்தான்! கார் பத்திரமாக இருந்து ஆள் போவதில் என்ன லாபம்? பிற்பாடு, மோதினால் மடங்கிக் கொடுக்கிற மாதிரி சட்டத்தை மாற்றினார்கள். இத்தனை உயிர் போகும்வரை காத்திருந்திருக்க வேண்டாம்.

எவன்ஸ் பெயர் 2012-ல் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் ஏறியது. மாடிஃபைடு ஓட்டியே அங்கே நுழைந்த முதல் ஆள் அவர்தான். பந்தயத்தில் விடாமல் துரத்திய ஜெர்ரி குக், இங்கேயும் பின்னாலேயே 2016-ல் வந்து சேர்ந்தார்.