வரிச் சட்டமும் அதிகாரிகளின் பொறுப்பும்

நமது தேசத்தில் வருமான வரியை 1860இல் முதன்முதலாக விதித்தவர் ஜேம்ஸ் வில்ஸன் துரை. 1857ஆம் வருஷத்துக் கிளர்ச்சியை அடக்குவதில் காலியான கஜானாவை ஜனங்களின் பணத்தைக் கொண்டே நிரப்புவது அன்றைய சர்க்காரின் நோக்கம். அந்த அன்னிய சர்க்கார் ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதன்று. சுயராஜ்ய சர்க்கார் அவ்விதம் இருக்கலாகாது.

1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் ஸ்தானத்தில், 2026 ஏப்ரல் 1ந் தேதி முதல் அமுலுக்கு வரும்படி, புதிய சட்டமொன்றைப் பார்லிமெண்டு 2025இல் நிறைவேற்றியது. சுமார் ஐந்து லட்சம் வார்த்தைகள் ஏறக்குறைய பாதியாகவும், 819 பிரிவுகள் 536 ஆகவும் குறைந்தன. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று ஜனங்களை மயக்கி வந்த இரட்டைப் பெயர்கள் ஒழிந்து, ‘வரி ஆண்டு’ என்பது ஒன்றே நின்றது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் சட்டத்தின் பாஷை எளிதாகிவிட்டால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா? செலுத்த வேண்டிய வரியில் ஒரு லட்சம் ரூபாயைப் பிரஜை ஒரு வருஷம் தாமதித்தால், மாதம் நூற்றுக்கு ஒன்று வீதம் 12,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். அதே தொகையைச் சர்க்கார் திருப்பித் தராமல் ஒரு வருஷம் வைத்துக் கொண்டால், மாதம் அரை வீதம் 6,000 ரூபாய்தான் தரும். அந்த வட்டிக்கும் வரி உண்டு! புதிய சட்டமும் இந்த ஓரவஞ்சனையை நீக்கவில்லை. ஒரே தவறுக்கு இரண்டு தராசு வைப்பது எந்தத் தர்மம்?

வரி செலுத்துவோருக்கென 2020இல் வெளியிட்ட சாஸனத்தில், அதிகாரிகளை அவர்களுடைய செய்கைகளுக்குப் பொறுப்பாக்குவதாக வரி இலாகா வாக்களித்தது. வாக்கு நல்லதே. எனினும் பிரஜைகளின் முறையீடுகளைக் கேட்க 2003இல் ஏற்பட்ட ஆம்பட்ஸ்மன் பதவியை 2019இலேயே சர்க்கார் ரத்து செய்துவிட்டது. வாக்கை நிறைவேற்றக் கேட்க வெளியார் ஒருவரும் இல்லையெனில் அது காகிதத்தோடு நின்றுவிடும்.

உத்தியோகஸ்தர்களை இவ்வாறு கட்டுப்படுத்தினால் அவர்கள் அஞ்சி, வரி ஏய்ப்போரைத் தப்பவிடுவார்கள் என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். நல்லெண்ணத்துடன் செய்த பிழையைத் தண்டிக்க வேண்டுமென்று நாம் கோரவில்லை. ஆதாரமின்றி, அசிரத்தையாலோ துவேஷத்தாலோ பிறப்பித்த உத்தரவு அப்பீலில் தள்ளுபடியானால், அது அந்த அதிகாரியின் உத்தியோகப் பதிவில் ஏற வேண்டும் என்கிறோம். மதிப்பீட்டில் அதிகாரியின் முகம் மறைந்திருப்பது லஞ்சத்தைத் தடுக்க உதவலாம். அவருடைய பொறுப்பும் மறைந்துவிடக் கூடாது.

இரு தரப்பாருக்கும் ஒரே வட்டி, இலாகாவின் அதிகாரத்துக்கு உட்படாத ஆம்பட்ஸ்மன், அப்பீல்களுக்குக் கண்டிப்பான கெடு ஆகிய மூன்றையும் பார்லிமெண்டு சட்டமாக்க வேண்டும். வரி கொடுப்பது பிரஜையின் கடமை. கணக்கும் காரணமும் காட்டுவது சர்க்காரின் கடமை. முன்னதை வட்டியோடு வசூலிக்கும் சர்க்கார், பின்னதைத் தவணை சொல்லித் தட்டிக்கழிப்பது அழகன்று.