மழைக்குக் காத்திருக்கும் மீன்

மீன் பிடிக்கப் போகிறவர் வெயிலையே விரும்புவார் என்று நாம் எண்ணுவோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலோ அவர் மழையை வேண்டி வானத்தைப் பார்த்திருக்கிறார். அங்குள்ள சிற்றாறுகள் நீளம் குறைந்தவை. மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் கடலுக்கு ஓடிவிடும். ஓரிரு நாளில் மறுபடியும் கற்கள் தெரியும்.

இவற்றில் பிறக்கும் சால்மன் மீன் சில ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, பின் கடலுக்குச் சென்று, கிரீன்லாந்து வரைகூடப் போய் இரை தேடுகிறது. முட்டையிடும் காலம் வந்ததும் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. அந்த நீரின் வாசனையை அது மறப்பதில்லையாம்! ஆனால் ஆற்றில் நீர் குறைவாயிருந்தால் முகத்துவாரத்திலேயே காத்துக்கிடக்க வேண்டியதுதான். மழை பெய்ததும் ஏறத் தொடங்கும். வடமேற்கிலுள்ள கிர்கெய்க் ஆற்றில் சில கிலோமீட்டர் ஏறியதும் ஓர் அருவி குறுக்கிடுகிறது. அதைத் தாண்ட எந்தச் சால்மனாலும் இயலாது.

வெள்ளம் வடிந்து, மலைக் கரிமண் கலந்த நீர் தேநீர் நிறத்துக்குத் தெளியும் சிறிது நேரமே தூண்டிலுக்கு ஏற்றது. வேடிக்கை என்னவென்றால், ஆற்றுக்குள் வந்த சால்மன் இரை உண்பதில்லை. இருந்தும் இறகும் நூலும் கொண்டு கட்டிய போலி ஈயைக் கவ்வுகிறது! கோபமா, பழைய பழக்கமா என்று அறிஞர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையன்று சால்மன் பிடிக்கச் சட்டம் இடந்தராது. வாரமெல்லாம் காத்திருந்து சனிக்கிழமை இரவு மழை பெய்தால், பாவம், அவர் என்ன செய்வார்!

இது ஆண்களுக்கே உரிய கலை என்று நினைக்க வேண்டாம். 1922இல் டே என்னும் பேராற்றில் 64 ராத்தல் சால்மனைப் பிடித்தவர் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண்மணி. பிரிட்டனில் தூண்டிலில் அகப்பட்ட சால்மன்களில் இன்றும் அதுவே பெரியது.

இப்போது மீன்கள் அருகி வருகின்றன. 1952இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத அளவுக்கு, 2023இல் தூண்டிலில் மிகக் குறைவாகச் சிக்கின. அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டனின் சால்மன், அழியும் அபாயத்திலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மீன் குறைந்த ஆறுகளில் பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது 2016 முதல் சட்டம். மற்ற ஆறுகளிலும் பெரும்பாலோர் அவ்வாறே செய்கிறார்கள். மீனை வெளியே தூக்காமல் நீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றி, அதன் முகத்தை நீரோட்டத்தை நோக்கித் திருப்பி, தானாக வாலை அசைக்கும்வரை இரு கைகளாலும் தாங்கி நிற்கிறார்கள், பிறகுதான் விடுகிறார்கள்.