மருத்துவரிடம் ஒப்படைத்த அமானிதம்

 



நோயுற்றவர் மருத்துவர் முன் அமரும்போது, பெற்ற தாயிடமும் சொல்லத் தயங்கும் செய்திகளைச் சொல்கிறார். அச்செய்தி மருத்துவரின் உடைமை அன்று. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதங்களை உரியவர்களிடம் சேர்த்துவிடுமாறு அருள்மறையின் அந்நிஸா அத்தியாயம் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பொன்னும் பொருளும் மட்டுமல்ல, இரகசியமும் அமானிதமே என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம்.

எனினும் ஒரு கேள்வி எழுகிறது. மறைக்கப்படும் நோய் மற்றொருவரின் உயிரைத் தொடுமானால் மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கப்பட்ட ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரியவந்தால், மணப்பெண்ணுக்குச் சொல்வது துரோகமா, சொல்லாதிருப்பது துரோகமா?

சென்னையில் எழுந்த வழக்கு

இது கற்பனைக் கேள்வி அன்று. 1995ஆம் ஆண்டு சென்னையிலுள்ள ஒரு மருத்துவமனையில், உறவினருக்காக இரத்தம் கொடுக்க முன்வந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடக்கவிருந்த அவருடைய திருமணம் நின்றுபோனது. மருத்துவமனை தம் இரகசியத்தை வெளியிட்டது என்றும், அதனால் சமூகம் தம்மை ஒதுக்க, ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது என்றும் அவர் வழக்குத் தொடுத்தார்.

1998 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சாகிர் அஹ்மத், கிர்பால் ஆகியோர் தீர்ப்பளித்தனர். இரகசியம் காப்பது மருத்துவரின் கடமைதான். ஆனால் அது எல்லையற்றதன்று. மணமகளாக வரவிருந்த பெண்ணின் உயிருக்கும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அத்தகையவரின் திருமண உரிமை குறித்தும் அத்தீர்ப்பு கடுமையான கருத்துகளைச் சொல்லியிருந்தது. வழக்கைத் தீர்க்க அவை தேவையற்றவை என 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது.

இவ்வழக்கில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெண் அறிந்துகொண்டது அவளுடைய உரிமை. ஆனால் ஊர் அறிந்துகொண்டதால் யாருடைய உயிர் காக்கப்பட்டது? ஒருவரையும் அது காக்கவில்லை. ஒரு மனிதரை அது அகதியாக்கியது.

மார்க்கம் காட்டும் வழி

சிறுவர் அனஸ் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். தாமதமாக வீடு திரும்பிய அவரிடம் தாயார் காரணம் கேட்டபோது, அது நபியவர்களின் இரகசியம் என்று சொல்லி மறுத்துவிட்டார். தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் கோபப்படவில்லை. எவரிடமும் அதை வெளியிட வேண்டாம் என்றே அறிவுறுத்தினார்கள். முஸ்லிம் நூலில் பதிவான நிகழ்ச்சி இது.

அதே முஸ்லிம் நூலில் மற்றொன்றும் உண்டு. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) ஆகிய இருவர் பெண் கேட்டிருந்தனர். அவர் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வறியவர், மற்றவர் பெண்களிடம் கடுமையானவர் என்பதை நபியவர்கள் மறைக்காமல் எடுத்துரைத்து, உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு கூறினார்கள். கேட்டவருக்கு, அவர் முடிவெடுக்கத் தேவையான அளவு சொன்னார்கள். அவையைக் கூட்டி அறிவிக்கவில்லை.

பிறரின் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு இடங்களை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் தொகுத்துள்ளார்கள். திருமண ஆலோசனை அவற்றில் அடங்கும். 1993 ஜூன் மாதம் புரூணையில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு கழகமும், மருத்துவ இரகசியத்தைக் காப்பதே அடிப்படை, மறைப்பதால் பெருந்தீங்கு நேருமானால் மட்டுமே விதிவிலக்கு என்று தீர்மானித்தது.

இன்றைய சட்டம்

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டமும் இந்த வழியிலேயே செல்கிறது. துணைக்குக் கிருமி தொற்றும் பெரும் ஆபத்து இருக்க வேண்டும். தாமே சொல்லிவிடுமாறு நோயாளிக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்பது உறுதியாக வேண்டும். தாம் சொல்லப்போவதை மருத்துவர் அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதன் பின்னரே துணையிடம், நேரில், உரிய ஆலோசனையோடு சொல்லலாம். சொன்னால் பெண் அடிக்கப்படுவாள், வீட்டைவிட்டுத் துரத்தப்படுவாள் என்று அஞ்ச நியாயமிருந்தால், அவள் கணவனிடம் மருத்துவர் சொல்லக் கூடாது என்றும் சட்டம் தடுக்கிறது.

காசநோயிலும் இதே கோட்பாடுதான். காசநோயாளிகளின் விவரத்தை எல்லா மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமென 2012ஆம் ஆண்டு ஆணை வந்தது. சுகாதாரத் துறைக்குத்தான் அந்த விவரம். அண்டை வீட்டாருக்கு அன்று.

நம் மஹல்லாவின் கடமை

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். வாரக்கணக்கில் வடநாடு சென்று வருபவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலே சந்தேகம் பேசும் நாவுகள் உண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் காலையில் ஒரு டீக்கடையில் பேசியது மாலைக்குள் ஊர் முழுதும் பரவிவிடும். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே ஒருவர் பரிசோதனைக்குப் போகாதிருந்தால், அவருக்கும் சிகிச்சை இல்லை. அவர் மனைவிக்கும் பாதுகாப்பு இல்லை. இரகசியம் காப்பது நோயாளிக்குச் செய்யும் சலுகை மட்டுமன்று. மற்றவர்களின் உயிரைக் காக்கும் வழியும் அதுவே.

ஒன்றாக உண்பதாலோ, ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுவதாலோ எச்.ஐ.வி. பரவுவதில்லை. 2004ஆம் ஆண்டிலிருந்து அரசு இதற்கான கூட்டு மருந்தை இலவசமாக வழங்குகிறது. முறையாக மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால் தாம்பத்திய உறவாலும் அது பரவுவதில்லை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இரகசியமாகவே தரப்படுகின்றன. 1097 என்ற எண்ணில் தொலைபேசியிலும் விளக்கம் பெறலாம்.

நோயுற்ற சகோதரரே! சொல்ல வேண்டிய முதல் கடமை மருத்துவருடையதன்று, உம்முடையது. உம்மை நம்பி வரும் பெண்ணிடம் மறைத்து நிக்காஹ் செய்வது மோசடி. பெற்றோர்களே! நிச்சயம் செய்யும் முன் மணமக்கள் இருவரும் மனமொப்பிப் பரிசோதித்து, முடிவைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளட்டும். அது பொருந்தாமல் சம்பந்தம் நின்றுபோனால், “அல்லாஹ் நாடவில்லை” என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணத்தை எவரும் துருவ வேண்டாம். துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனம் தடுத்திருக்கிறது.

சொல்ல வேண்டியவருக்குச் சொல்வது அமானிதம். ஊருக்குச் சொல்வது அந்த அமானிதத்திற்குச் செய்யும் துரோகம். இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவையும், நாவைக் காக்கும் வலிமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! ஆமீன்.